புருவத்தில் தொடங்கி நெற்றியில் தெரிந்தது

முடி கொட்டுகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் பார்ப்பது சீப்பைத்தான். அடுத்து தலையணை உறை, குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை. திண்டுக்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அந்தப் பெண்மணியும் அப்படித்தான் பார்த்தார். சீப்பில் வழக்கத்தைவிட அதிகமாக ஒரு முடிகூட இல்லை. பின்னல் எப்போதும் போல் கனமாகவே இருந்தது. அதனாலேயே நான்கு வருடங்கள் எதுவும் புரியாமல் ஓடிவிட்டன.

அவருக்கு இப்போது 55 வயது. ப்ளவுஸ் தைப்பதில் அந்தப் பகுதியில் அவருக்கு நல்ல பெயர். 48 வயதில் மாதவிலக்கு நின்றது. அடுத்த வருடம் பொங்கலுக்கு முன்பு பியூட்டி பார்லருக்குப் போனபோது, த்ரெட்டிங் செய்ய வந்த பெண் கையில் நூலை வைத்துக்கொண்டு தயங்கினாள். "அக்கா, புருவத்துல எடுக்க ஒண்ணுமே இல்லையே" என்றாள். வயதானால் எல்லாம் குறையும் என்று அவர் சிரித்துவிட்டு, ஐப்ரோ பென்சில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிறகு காதோரங்களிலும் கன்னத்தின் மேல்பகுதியிலும் சாம்பல் கலந்த கறுப்புத் திட்டுகள் வந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் மங்கு என்றார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவினார். முகம் கொஞ்ச நாள் வெளுத்தது, பிறகு முன்பைவிடக் கறுத்தது. அதற்கும் முடிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

52 வயதில்தான் நெற்றி தெரிந்தது. துணி கொடுக்க வந்த ஒரு வயதான அம்மா, "நெத்தி நல்லா அகலமா இருக்கும்மா, அதிர்ஷ்டக்காரி" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அன்று இரவு தன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் இருந்த நெற்றிக்கும் கண்ணாடியில் தெரிந்த நெற்றிக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம் வித்தியாசம் இருந்தது. முன்னால் இருந்த பூனைமுடி முழுக்கக் காணோம். பழைய எல்லை இருந்த இடத்தில் நாலைந்து முடிகள் மட்டும் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தன.

ஆளுக்கொரு வைத்தியம்

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போர் தண்ணீர் உப்பு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணி, நீங்க தலையை இழுத்து இழுத்துப் பின்றீங்க, அதான்" என்றார் நாத்தனார். டென்ஷன் என்றார் கணவர். சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணித் தைலம், முட்டை வெள்ளைக்கரு, செம்பருத்தி என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். வெங்காயச் சாறு தடவிய நாட்களில் முன்நெற்றி ஓரம் எரிந்தது. அதற்கு முன்பே அந்த இடத்தில் லேசான அரிப்பு இருந்ததால், பொடுகு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கடைசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து முடி நடும் மையம் ஒன்றுக்குப் போனார். பின்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நட்டுவிட்டால் பழைய நெற்றி திரும்பிவிடும் என்றார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். மகளின் கல்யாணத்துக்காகக் கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்துவிடலாம் என்று அவர் முடிவே செய்துவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் இந்த நெற்றியோடு நிற்க முடியாது என்பதுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தடுத்தவர் மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். "காசு போறது இருக்கட்டும்மா. இது என்னன்னே இன்னும் யாரும் சொல்லலையே. முதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்று ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு வந்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனார்.

கையில் முடி இருக்கிறதா?

அங்கே இருந்த டாக்டருக்கு மகளைவிடச் சில வயதுதான் அதிகம் இருக்கும். டெர்மோஸ்கோப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கருவியை நெற்றி ஓரத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். கன்னத்துத் திட்டுகளைப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, கையில முடி இருக்கா?"

அவர் ரவிக்கைக் கைக்குக் கீழே தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. சில வருடங்களாகவே அப்படித்தான் இருக்கிறது. வாக்ஸிங் செலவு மிச்சம் என்று அதைச் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

புருவம், கை, கன்னத்துக் கறுப்பு, நெற்றி என நான்கு தனித்தனிச் சங்கதிகளாக இருந்தவை அந்த அறையில் ஒரே நோயாகச் சேர்ந்தன. உறுதி செய்ய பயாப்சி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றி ஓரத்தில் சிவப்பு இருந்த இடத்திலிருந்து 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளித் தோல். ஒரே ஒரு தையல். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. நோயின் பெயர் ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபீஷியா. முன்நெற்றி ஓரத்தில் தழும்பை உண்டாக்கி முடியை அழிக்கும் நோய்.

முடி உதிர்வதில் இரண்டு வகை உண்டு. பிரசவத்துக்குப் பின், டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பின், இரும்புச்சத்துக் குறைவால் கொட்டுவதெல்லாம் முதல் வகை. அங்கே முடி போனாலும் முடிக்குழி உயிரோடு இருக்கும். காரணம் சரியானால் முடி திரும்ப முளைக்கும். இரண்டாவது வகையில் முடிக்குழியே அழிந்து, அந்த இடத்தில் தழும்புத் திசு நிரம்பிவிடும். வெளியே புண்ணோ காயமோ தெரியாது. தோல் வழுவழுப்பாக, துவாரங்களே இல்லாமல் இருக்கும்.

அவர் தையல்காரர் என்று தெரிந்ததும் டாக்டர் அதையே வைத்துச் சொன்னார். "பட்டன் அறுந்து விழுந்தா வேற பட்டன் வெச்சுத் தெச்சுக்கலாம். காஜாவையே நூல் போட்டு மூடித் தெச்சுட்டா, பட்டனை எங்கம்மா மாட்டுவீங்க?"

நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவான லிம்போசைட்டுகள்தான் இங்கே முடிக்குழியின் மேல்பாதியைத் தாக்குகின்றன. குளிரில் நமக்கு மயிர்க்கூச்செறியும்போது முடியை நிமிர்த்தும் குட்டித் தசை ஒன்று உண்டு. அது முடிக்குழியோடு ஒட்டும் இடத்துக்கு அருகில்தான் முடியைத் திரும்பத் திரும்ப வளரவைக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. தாக்குதல் அந்த இடத்தில் நடப்பதால்தான் இழப்பு நிரந்தரமாகிறது. அரிப்பு, எரிச்சல், முடியின் அடியில் சிவப்பு வளையம், செதில் எல்லாம் அந்தத் தாக்குதல் நடந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள். அவர் பொடுகு என்று நினைத்துத் தேய்த்தது இதைத்தான்.

ஆறு பெண்களில் தொடங்கிய கதை

மருத்துவ உலகுக்கே இது அவ்வளவு பழைய நோய் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த ஸ்டீவன் கோசார்ட் என்ற தோல் மருத்துவர் 1994-ல் தான் இதைத் தனி நோயாக முதலில் விவரித்தார். மாதவிலக்கு நின்ற ஆறு பெண்களிடம் அவர் இதைப் பார்த்திருந்தார். அதன்பின் பல நாடுகளிலிருந்தும் தகவல்கள் வந்தன. இப்போது மாதவிலக்கு நிற்காத பெண்களிடமும், குறைவாக ஆண்களிடமும்கூடக் கண்டறியப்படுகிறது. ஆண்களுக்கு வரும்போது கிருதாவும் தாடியும் குறைவதால், சாதாரண வழுக்கை என்றே கடந்துபோய்விடுகிறார்கள்.

கன்னத்துக் கறுப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தோல் மருத்துவர் என்கோசா ட்லோவா 2013-ல் இதைப் பற்றி எழுதினார். முகத்தில் வரும் லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ் என்ற கறுப்புத் திட்டு, நெற்றி ஓர முடி இழப்புக்கு முன்னாலேயே வரலாம் என்பதை அது காட்டியது. பார்ப்பதற்கு மங்கு போலவே இருக்கும். மங்குக்கான க்ரீம்கள் இதற்கு உதவாது.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி வருவதால் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். 2019-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட மரபணு உட்பட சிலவற்றோடு இதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2016-ல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு, இந்த நோய் உள்ளவர்கள் முகத்துக்கு சன்ஸ்க்ரீன் அதிகம் பூசுகிறவர்களாக இருப்பதைச் சொன்னது. ஆனால் சன்ஸ்க்ரீன்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. இந்தத் தையல்காரர் வாழ்நாளில் சன்ஸ்க்ரீன் பூசியதே கிடையாது.

"ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். ஒட்டாது. "கேன்சரா மாறுமா?" இது புற்றுநோய் இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. "போன முடி வருமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. தழும்பான இடத்தில் வராது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம் என்றார். அதைக் கேட்டதும் அவர் அழுதுவிட்டார்.

முடி நடுவதைப் பற்றி மகள் கேட்டார். நோய் நடந்துகொண்டிருக்கும்போது நட்டால், நட்ட முடியையும் அதே அணுக்கள் தாக்கும். நோய் முழுக்க அடங்கி ஓரிரு வருடங்களாவது கழிந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கவே முடியும், அப்போதும் சில வருடங்களில் நட்டது உதிர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். ஒன்றரை லட்சம் போகாமல் தப்பியது.

வைத்தியம் என்ன?

எரிச்சலை அடக்க ஸ்டீராய்டு லோஷன். நெற்றி ஓரத்தில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, குறைந்த அளவில், சில வார இடைவெளிகளில். அளவு கூடினால் தோல் குழி விழும் என்பதால் பழகிய கை வேண்டும். ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும் என்பதால், இடையில் டாக்ரோலிமஸ் களிம்பு. தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. இது கிருமியைக் கொல்வதற்காகக் கொடுப்பதல்ல, அழற்சியைத் தணிப்பதற்காக.

சிலருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுப்பார்கள். மலேரியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கும் அதே மாத்திரைதான். நீண்டகாலம் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும்போதும், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் கண் பரிசோதனை அவசியம். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு மருந்துகளும் இந்த நோயைப் பலருக்கு நிறுத்திவைக்கின்றன. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவர்களும் இவற்றைச் சாப்பிடக் கூடாது. ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கும். எந்த மருந்து யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது.

அவருக்கு ஊசி, களிம்பு, டூட்டாஸ்டெரைடு மூன்றும் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் இரு புருவங்களுக்கு நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அளந்து சீட்டில் குறித்தார்கள். முதல் நாள் 8.6 சென்டிமீட்டர். வீட்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். இவரிடம்தான் இஞ்ச் டேப் இருக்கிறதே! வாடிக்கையாளர்களின் கழுத்து, தோள், கைச்சுற்று எல்லாம் எழுதும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் நெற்றியையும் எழுதத் தொடங்கினார்.

மகள் கேட்ட கேள்வி

வைத்தியம் தொடங்கிய இரண்டாவது மாதம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நாத்தனார் தனியாக அழைத்துப் பேசினார். "அண்ணி, நெத்தி மறையற மாதிரி டோப்பா ஏதாவது வாங்கி வெச்சுக்குங்க. இது பரம்பரை வியாதின்னு அவங்க நெனச்சுட்டா பொண்ணு வாழ்க்கை என்னாகும்?" சொன்னதில் அக்கறைதான் இருந்தது. அவருக்கும் அதுவே சரியாகப் பட்டது.

மகளிடம் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இந்த நோய் வருவதுண்டு, ஆனால் தாய்க்கு வந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்று இல்லை என டாக்டர் சொன்னதை அவளும்தான் கேட்டிருந்தாள்.

"வரலாம், வராமலும் போகலாம். அம்மா, எனக்கு வந்தா நானும் என் புருஷன்கிட்ட ஒளிச்சு வெச்சுக்கிட்டே வாழணுமா?"

அன்று இரவு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் டோப்பாவுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த கடைக்கு போன் செய்து வேண்டாம் என்றார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா காபி குடித்துக்கொண்டே, "முன்னாடி முடி ரொம்ப ஏறியிருக்கே, ஏதாவது வைத்தியம் பாக்குறீங்களா?" என்று நேராகவே கேட்டார். இவரும் நேராகவே சொன்னார். நோயின் பெயரையும், அது ஒட்டாது என்பதையும், ஊசி போட்டுக்கொள்வதையும் சொன்னார். அந்த அம்மா ஊசி வலிக்குமா என்று கேட்டார். பேச்சு அடுத்து பட்டுப்புடவை விலைக்குப் போய்விட்டது.

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போவதாக முடிவெடுத்தார், மகள் கோவை வேலையை விட விரும்பவில்லை. முடிந்துபோனதற்குக் காரணம் நெற்றி இல்லை என்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்து வருகிறவர்களிடமும் இப்படித்தான் சொல்வது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். ஏலச்சீட்டுப் பணம் மகளின் கல்யாணத்துக்காகவே இருக்கிறது.

இரண்டு வருட வைத்தியத்துக்குப் பிறகு அளவு நோட்டில் இப்போது இருப்பது 8.8. முதல் ஆறு மாதத்திலேயே அந்த 0.2 கூடிவிட்டது, அதன்பின் எல்லை நகரவில்லை. அரிப்பு நின்றுவிட்டது. ஊசி போட்ட புருவத்தில் கொஞ்சம் முடி வந்திருக்கிறது. இந்த நோயில் புருவம் மட்டும் சிலருக்கு அப்படித் திரும்ப வருவதுண்டு. நெற்றி அப்படியேதான் இருக்கிறது. நேர்வகிடை மாற்றிப் பக்கவாட்டில் எடுத்து, முன்முடியைச் சற்றுத் தளர்வாக விட்டுப் பின்னிக்கொள்கிறார். விசேஷ நாட்களில் புருவத்துக்குப் பென்சில். கிளிப் போட்டு இழுக்கும் சவுரியும் பசை வைத்து ஒட்டும் டோப்பாவும் முன்னோரத்துக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எப்போது காட்ட வேண்டும்?

நெற்றி ஓரத்தில் முடி ஏறினால் எல்லாம் இந்த நோய் என்று பயப்பட வேண்டாம். இறுக்கிப் பின்னுவதாலும் கொண்டை போடுவதாலும் அதே இடத்தில் முடி போகும். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கிக் கட்டியதால் இப்படி இழந்ததை 1907-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். இறுக்கத்தால் போகும்போது ஓரத்தில் மெல்லிய குட்டை முடிகள் மிஞ்சி நிற்கும். தழும்பு நோயில் அந்தப் பூனைமுடிதான் முதலில் போகும். இறுக்கத்தால் போனதும் தொடக்கத்திலேயே தளர்த்தினால் திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கேயும் தழும்புதான்.

புருவம் காரணமில்லாமல் மெலிந்தால், கை முடி காணாமல் போனால், நெற்றி ஓரத்தில் அரிப்பும் சிவப்பும் இருந்தால், மங்கு என்று நினைத்தது க்ரீமுக்கு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயும் சாறும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்ற ஆடி மாதம் கடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு நர்சிங் மாணவியின் நெற்றி ஓரம் ஏறியிருப்பதை அவர் கவனித்தார். வயது இருபதுக்கு மேல் இருக்காது. தினமும் கல்லூரிக்கு இறுக்கமான கொண்டை. "கண்ணு, தப்பா நினைக்காதே. ஒருதடவை தோல் டாக்டர்கிட்ட காட்டிடு" என்று தான் போகும் பிரிவின் நாட்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் தீபாவளி ப்ளவுஸ் வாங்க வந்தபோது, இழுப்பால் வந்ததுதான், கொண்டையைத் தளர்த்தச் சொல்லிவிட்டார்கள் என்றாள். காதுக்கு மேலே குட்டையாகப் புதுமுடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "முடி வருதுக்கா" என்று குனிந்து காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "வருது, வருது. இனிமே இழுத்துக் கட்டாதே" என்று சொல்லி ப்ளவுஸைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.